ஏழு புத்தகம் குறைகிறது

மூத்த ஆசிரியை மனா டெக்லா, அதாவது டெக்லா அக்கா, ஓய்வு பெற ஐந்தரை மாதம் இருந்தபோது, எங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கு மாற்றல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை போனில் செய்தி. திங்கட்கிழமை அவர் வேறு தீவில் இருந்தாக வேண்டும். பதினோரு வருடத்தில் எங்களை விட்டுப் போகும் எட்டாவது ஆள் அவர்.

செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பிள்ளைகள் இல்லை, சாவிதான். நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. அதோடு பள்ளிச் சாமான்களுக்கும் பொறுப்பு. நாற்காலி, மணி, கொடிக்கயிறு, புத்தகம் எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து. இந்த வேலையை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. பொறுப்புகளைப் பிரித்த கூட்டத்தன்று நான் பிரசவ விடுப்பில் இருந்தேன், என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தலைமையாசிரியர் மாறினால் எங்கள் ஊரில் நடப்பது எல்லாருக்கும் மனப்பாடம். போகிறவர் பட்டியல்படி சாமான்களை ஒப்படைக்க வேண்டும், வருகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தால் யாராவது ஒருவர் தலையில் விழும். அதனால் மாற்றல் செய்தி வந்த அன்றே பிள்ளைகள் கையிலிருக்கும் புத்தகங்களைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். கதவின் குறுக்கே காகிதம் ஒட்டி முத்திரை. புதியவர் வந்து கையெழுத்துப் போடும்வரை யாரும் தொடக் கூடாது. புத்தகம் பத்திரமாக இருக்கும், பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். இதில் எதுவோ தப்பு என்று எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

புதியவர் வரும்போது வேறு வேலைகள் இருக்கும். கேட்டுக்குப் புது வண்ணம். வாசலில் அவர் முகம் போட்ட பெரிய பிளெக்ஸ். இரண்டு வாரம் முதல் பாடவேளையில் வரவேற்பு ஆட்டப் பயிற்சி. அப்புறம் அவருடைய புதுத் திட்டம். ஒருவர் காலையில் கணக்கு என்பார், அடுத்தவர் காய்கறித் தோட்டம் என்பார், அதற்கடுத்தவர் இரண்டையும் நிறுத்திவிட்டு ஆங்கிலப் பாட்டு என்பார். ரிசலின் என்றொரு பெண். மீன்பிடிக்கிற டோமெங் வீட்டுப் பிள்ளை. இரண்டாம் வகுப்பில் காலடி வைத்தபோது அவளுக்கு நான்கு வரவேற்பு ஆட்டம் தெரியும். எழுத்தில் பாதிகூடத் தெரியாது.

மனா டெக்லா இந்தக் கூத்தையெல்லாம் முப்பத்தொரு வருடமாகப் பார்த்தவள். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தாள். தலைமையாசிரியை தேர்வு எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள்.

"எதுக்கு? ரெண்டு வருஷம் ஆனதும் படகுல ஏத்தி வேற தீவுக்கு அனுப்பவா? போங்கடி" என்பாள்.

முழங்கால் வலி. பாடினால் நாய் எழுந்து போய்விடும், அவ்வளவு மோசமான குரல். மதியம் வேகவைத்த மரவள்ளியும் கருவாடும் எடுத்து வருவாள். நம் தட்டில் நல்லது இருந்தால் கேட்காமல் எடுப்பாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். வரவேற்பு முடிந்ததும் முதல் ஆளாகப் போய் பிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவாள். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பெரிது பெரிதாக எழுத்தும் சொல்லும் எழுதி, அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே தட்டிபோல் தொங்கவிடுவாள். அவள் பக்கம் எழுத்து. என் பக்கம் எட்டுத் தலைமையாசிரியர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். நான் அவர்களைப் பார்த்தபடிதான் பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினேன்.

அந்த எட்டில் ஒருவர் மட்டும் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். சார் வில்மர், இப்போது மாற்றலாகிப் போகிறவர். அவள் கேட்டது இரண்டே விஷயம். முதல் பாடவேளையில் எந்த வகுப்பு என்று பார்க்காமல், வாசிக்கும் அளவைப் பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டாவதைக் கேட்டு நான் அலறிவிட்டேன். எழுபத்தைந்து புத்தகம், எங்கள் வாராய் மொழியில், படம் போட்ட மெல்லிய புத்தகங்கள். வீட்டுக்குப் போனால் கோழி கொத்தும், மழையில் நனையும் என்றேன்.

"கொத்தட்டும். படிச்ச கோழியா இருக்கும்" என்றாள் மனா டெக்லா.

ஒரு வருடம் நாலு மாதம் அப்படி நடந்தது. இரண்டாம் வகுப்பில் எழுத்தே கூடாமல் இருந்த பதினான்கு பேர் சொல் கூட்டினார்கள், பிறகு வரி கூட்டினார்கள். ரிசலின் படகுத்துறையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதை நானே கேட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் மாற்றல் வந்தது.

அன்று மதியமே புத்தகங்களை வாங்கினேன். அறுபத்தெட்டு வந்தன. ஏழு குறைந்தது. படகுக்காரன் வேறு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சார் வில்மர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

"என் பேர்ல எழுதுங்க சார். வாசிப்பு வகுப்பு என்னோடது, புத்தகமும் என் பொறுப்பு. நீங்க படகப் பிடிங்க" என்றாள் மனா டெக்லா.

கையெழுத்தும் போட்டுவிட்டாள். ஓய்வு பெறும்போது பள்ளிக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று தலைமையாசிரியர் சான்று தர வேண்டும். அது இல்லாமல் ஓய்வூதியம் வராது. காணாமல் போன அரசாங்கப் புத்தகத்துக்கு விசாரணை வந்தால், முப்பத்தொரு வருடம் உழைத்தவள் கடைசியில் திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போவாள். அவள் கணவன் போன்சோவுக்குக் கண் மங்கி மூன்று வருடம் ஆகிறது, கடலுக்குப் போவதில்லை. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

ஏழு வாரம் தலைமையாசிரியரே வரவில்லை. அலமாரி முத்திரையோடு நின்றது. இடையில் ஒருநாள் அதன் காலில் மண்கோடு மாதிரி ஒன்று ஏறியிருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகளின் செருப்புச் சேறு என்று நினைத்துக் காலால் தேய்த்துவிட்டுப் போனேன்.

நவம்பர் கடைசியில் புதுத் தலைமையாசிரியை மாம் ஹெர்மினியா வந்தார். கேட் மஞ்சளிலிருந்து ஊதாவாயிற்று. பிள்ளைகள் மூங்கில் ஆட்டம் ஆடினார்கள். முதல் பாடவேளை வாசிப்பு நின்றது. அந்த நேரம் தோட்டப் போட்டிக்குக் கத்தரி நட வேண்டுமாம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போன பள்ளியில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டு, நாற்பது மேசை காணவில்லை என்று இரண்டு வருடம் விசாரணைக்கு அலைந்தவர். சூடு பட்ட கை. பட்டியலைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"மாம் டெக்லா, உங்க வயசுக்கு நான் மரியாதை தர்றேன். ஆனா பட்டியல்ல வயசு எழுத இடமில்ல. ஏழும் வரணும். வந்தாத்தான் முத்திரைய உடைப்பேன்."

"வராட்டி?"

"வராட்டி அலமாரி அப்படியே இருக்கும். உங்க சான்றும் அப்படியே இருக்கும்."

"அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க மாம். காணாமப் போனது கிடைக்கும்" என்றாள் மனா டெக்லா. எனக்கு அவளை அங்கேயே கிள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்று தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"மனா, உண்மையச் சொல்லு. எங்க இருக்கு அந்த ஏழும்?"

"தீவுலதான்."

"விளையாடாத. பொறுப்பு என் பேர்லயும் இருக்கு."

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீ வாங்கிட்டிருந்தப்ப ரிசலின் அவ புத்தகத்த சட்டைக்குள்ள சொருகினா. நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்தத பார்த்தா. வாயத் திறக்கல நான்."

"அடப்பாவி!"

"மத்த ஆறு பேரும் அப்படித்தான். யாரும் சொல்லிக் குடுக்கல, பெலென். பிரின்சிபால் போனா புத்தகமும் போயிடும்னு அதுங்களுக்கே தெரிஞ்சு போச்சு. இப்ப அந்த ஏழும் பதினாலு வீட்டையும் சுத்துது. இன்னிக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு."

"குடுத்துடச் சொல்லு மனா. அலமாரி திறக்கும், எல்லாருக்கும் கிடைக்கும்."

"கிடைக்குமா? வாசிப்பு வகுப்பையே எடுத்துட்டாங்க. இந்த ஏழும் அந்த அறுபத்தெட்டோட சேர்ந்து உள்ள தூங்கும், அவ்வளவுதான். பிப்ரவரியில வட்டார வாசிப்புத் தேர்வு வருது. அதுவரைக்கும் விடு. நான் போன பிறகு இதுங்கள யாரு உட்கார வைப்பா? நீயா?"

எனக்குச் சுருக்கென்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு தெரிந்தும் சொல்லாதவள் ஆகிவிட்டேன். மாம் ஹெர்மினியா வாரம் ஒரு முறை கேட்பார், "ஏதாவது துப்பு?" நான் தலையை ஆட்டுவேன். மனா டெக்லா தோட்ட வேளையில் கத்தரிப் பாத்திக்கு நடுவே பிள்ளைகளை உட்கார வைத்து, மண்ணில் குச்சியால் சொல் எழுதிக்கொண்டிருப்பாள். ஹெர்மினியாவின் பிளெக்ஸும் தட்டிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு எதிரே இப்போது ஒன்பது முகம். ஒன்பதும் என்னையே முறைப்பதுபோல் இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம், திங்கட்கிழமை கொடியேற்றத்தில் மாம் ஹெர்மினியா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏழு புத்தகமும் என் மேசைக்கு வரணும். இல்லேன்னா சனிக்கிழமை ஊர்க்காவலர்கள் வீடு வீடா வருவாங்க. மாம் டெக்லா மேல புகார்க் கடிதம் தயாரா இருக்கு."

பதினான்கு பிள்ளைகளும் மனா டெக்லாவைப் பார்த்தார்கள். அவள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய், புதன், வியாழன் போயிற்று. ஒரு புத்தகமும் வரவில்லை. வாசிப்புத் தேர்வும் அதே வெள்ளிக்கிழமைதான்.

அன்று வட்டார மேற்பார்வையாளர் முதல் படகில் வந்து இறங்கினார். வாதாமரத்தடியில் மேசை போட்டோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் மாம் ஹெர்மினியா, நேரம் பார்க்க நான். மனா டெக்லா பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் வட்டாரத்திலேயே கடைசி நாங்கள். முதல் பிள்ளை படித்தது. இரண்டாவது படித்தது. மூன்றாவது கொஞ்சம் தட்டுத் தடுமாறினாலும் முடித்துவிட்டது. மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான்காவது ரிசலின். அவர் கொடுத்த பக்கத்தை ஆற அமரப் படித்தாள். தவளை பேசுகிற இடத்தில் குரலைக்கூட மாற்றினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது.

"அடேயப்பா! உனக்கு வீட்டுல யாரும்மா சொல்லித் தர்றா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"யாரும் இல்ல சார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் தினமும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்."

"எதப் படிச்சுக் காட்டுவே?"

ரிசலின் வாயை மூடிக்கொண்டாள். மாம் ஹெர்மினியாவின் பேனா நின்றது. அவர் மெதுவாகத் திரும்பி முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகு பெஞ்சைப் பார்த்தார். என் கையில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை.

மனா டெக்லா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "புள்ளைய விடுங்க சார். அந்த ஏழு புத்தகமும் காணாமப் போகல. நான்தான் வெளிய விட்டேன். என் பேர எழுதிக்குங்க."

"இல்ல சார்!" ரிசலின் ஓவென்று அழுதாள். "மாம் எடுக்கல. நான்தான் திருடினேன். சட்டைக்குள்ள வச்சுத் திருடினேன்."

வரிசையில் நின்ற மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நொடி ஏழு பிள்ளைகளும் கேட்டைத் தாண்டி ஓடின. கூப்பிட்டும் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் தண்ணீர் கேட்டார். மனா டெக்லா நின்றுகொண்டே இருந்தாள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஏழு புத்தகமும் மேசைமேல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக்கில் உறை. முதுகு பிரிந்த இடத்தில் தூண்டில் நரம்பால் தையல். கருவாட்டு வாடை. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை.

மாம் ஹெர்மினியா எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். "சரி. எழுபத்தஞ்சு ஆச்சு. மாம் பெலென், சாவி."

அலுவலக அறைக்குப் போனோம். பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். அவர் முத்திரையைக் கிழித்தார், நான் பூட்டைத் திறந்தேன். கதவு வரவில்லை. இழுத்தேன். பொலபொலவென்று மண் கொட்டியது.

கரையான். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுவரை ஒரே மண்கூடு. புத்தகத்தின் வெளி வடிவம் மட்டும் அடுக்கி வைத்தபடி நின்றது. ஒன்றை எடுத்தேன், கையிலேயே உதிர்ந்தது. உள்ளே தவளையும் இல்லை, குரங்கும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. அறுபத்தெட்டும் அப்படித்தான்.

நான்கு மாதம் நான் காவல் காத்தது இதைத்தான். என்னை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ரிசலின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவள்போல் கேட்டாள். "மாம், எங்க புத்தகத்தையும் இதுக்குள்ளதான் வைக்கணுமா?"

மாம் ஹெர்மினியா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஏழையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உறையைத் தடவினார். பிறகு பட்டியலை எடுத்து, மனா டெக்லாவின் பெயருக்கு எதிரே 'ஏழும் பெறப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் திரும்பி, "அறுபத்தெட்டுக்கு விளக்கக் கடிதம் நீங்க எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார். புத்தகங்களை ரிசலினிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை முதல் வேளை வாசிப்பு. கத்தரி எங்கயும் ஓடிப் போயிடாது."

வெளியே வந்ததும் மனா டெக்லா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். "என்ன தைரியம் உனக்கு" என்றேன்.

"தைரியமாவது மண்ணாவது. பயத்துல ஒண்ணுக்கு வருது, வழிய விடு" என்றாள்.

பதினான்கில் பதினொரு பேர் தேர்ந்தார்கள். மார்ச் கடைசியில் மனா டெக்லா பாக்கி இல்லாச் சான்றோடு வீட்டுக்குப் போனாள். நாங்கள் அவள் முகம் போட்ட பிளெக்ஸ் அடித்தோம். விழா முடிந்ததும் அதை அவளே அவிழ்த்து, "பின்பக்கம் சுத்தமா இருக்கு. கூட்டெழுத்து எழுதிக்க" என்று என்னிடம் கொடுத்தாள். இப்போது ஜூனில் இருந்து முதல் வேளை என்னுடையது. என் குரல் அவளுடையதைவிடப் பரவாயில்லை, ஆனால் பிள்ளைகள் அவள் குரலைத்தான் கேட்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை போனில் செய்தி வந்தது. மாம் ஹெர்மினியாவுக்கு மாற்றல். வந்து ஏழு மாதம்தான். ஊதா வண்ணம்கூட இன்னும் மங்கவில்லை. படகேறும் முன் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பட்டியல் இன்னிக்கே முடியணும். புத்தகத்தையெல்லாம் வாங்கிடுங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

வகுப்புக்குப் போனேன். ரிசலின் இப்போது நான்காம் வகுப்பு, முதல் வரிசை. செய்தி அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள் ஏதோ விறைப்பாக இருந்தது.

"ரிசலின்."

"மாம்?"

"வீட்டுல அத எங்க வைப்பேன்னு எங்கிட்டச் சொல்லாத" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.